connive என்ற சொல்லும் பின்கேட்டுப் பூட்டும்

1. கடிதம்

ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த மேலாளரைச் சமாளித்துவிடலாம். அரிய வினைச்சொற்களைப் பொறுக்கி வைத்திருக்கும் மேலாளரிடம்தான் உயிர் போகும். நான் மலேசியாவின் கிள்ளானில் ஒரு கேபிள் தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் குமாஸ்தாவாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். எங்கள் மேலாளர் மகேந்திரனின் கடிதங்களில் யாரும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை, abscond ஆனார்கள். தலைவலி என்று லீவு கேட்டவர் malinger செய்தார், அதாவது நோய் என்று நடித்தார்.

ஒரு திங்கட்கிழமை ஸ்டோரில் செம்புக் கேபிள் சுருள்களைக் காணோம். பின்கேட்டின் பூட்டு உடைந்திருந்தது. முந்தைய நாள் காவலுக்கு இருந்தவர் சின்னையா அண்ணன். அவரிடம் விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் தயாரானது. திருடர்களோடு சேர்ந்து அவர் connive செய்தாராம்.

"சார், கூட்டு சேர்ந்து திட்டம் போட்டாருன்னா conspire தானே? இது வேற ஆச்சே?" என்றேன்.

"எல்லாம் ஒரே மீனிங்தான் லா. இதுதான் கேக்க கிளாஸா இருக்கு. அடிங்க."

அகராதி அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொந்தரவு செய்ததில்லை. நான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

2. விசாரணை

டொமஸ்டிக் இன்குவாரி என்ற உள்விசாரணைக்குத் தலைவராகத் தலைமையகத்திலிருந்து மிஸ்டர் லிம் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, சின்னையா அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். குற்றம் நிரூபணமானால் அண்ணனுக்கு வேலை போகும். திருடன் என்ற பெயரோடு அவர் தன் ஊரான ஜெஞ்சாரோமுக்குத் திரும்ப வேண்டும். சலவை மடிப்புக் கலையாத சீருடையில் வந்திருந்தார். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

குற்றச்சாட்டை லிம் வாசித்தார்.

"அந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?" என்று அண்ணன் கேட்டார்.

"கூட்டுச்சதின்னு சொல்லிட்டுப் போங்க லா" என்றார் மகேந்திரன்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தப்பு நடக்கும்னு தெரிஞ்சும், தடுக்க வேண்டிய ஆளு கண்ண மூடிக்கிட்டு விட்டுர்றது. அதாண்ணே அர்த்தம்" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "நானா கண்ண மூடுனேன்? பின்கேட் பூட்டு போயிருச்சின்னு மூணு தடவ ரிப்போர்ட் புக்குல எழுதிட்டேனே! ஒவ்வொரு தடவையும் சாரு சைன் வச்சாரே!"

அதை அப்படியே லிம்மிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். புத்தகம் வந்தது. மூன்று பக்கங்கள், மூன்றின் கீழும் மகேந்திரனின் கையெழுத்து. வாலைச் சுழித்து, மிகவும் கிளாஸாக இருந்தது.

லிம் புத்தகத்தை மூடிவிட்டு, "So who connived?" என்று கேட்டார்.

3. பிறகு

சின்னையா அண்ணன் மறுநாளே காவலுக்குத் திரும்பினார். மகேந்திரனை ரவாங் கிளைக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. கண்ணை மூடிக்கொள்வதில் தேர்ந்தவர்களுக்கு எந்த நிறுவனத்திலும் நாற்காலி உண்டு.

அண்ணன் என்னைத் தேடி வந்து, "நீங்க மட்டும் அர்த்தத்த ஒழுங்கா சொல்லலன்னா என் கத முடிஞ்சிருக்கும் தங்கச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ரிப்போர்ட் புத்தகத்தின் நகல் மாதா மாதம் என் மேசைக்குத்தான் வரும். மூன்று பக்கங்களையும் படித்து ஃபைலில் போட்டவள் நான். அது தெரிந்தே கடிதத்தையும் அடித்தேன். மேலாளரிடம் வினைச்சொல்லைத் திருத்தப் போனேனே தவிர, பூட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இளையவர்களே, அலுவலகத்தில் connive செய்பவர் யார் என்று பார்க்க அகராதி வேண்டாம், கடிதத்தின் அடியில் பாருங்கள். கையெழுத்துப் போட்டவருக்குப் பக்கத்தில், டைப் அடித்தவரின் முதலெழுத்துகளும் சின்னதாக இருக்கும். அந்தக் கடிதத்தில் அவை என்னுடையவை.