ஆலாக் குஞ்சுகளுக்கு இறைத்த மீன்

மீன்பிடிப் படகில் அவர் சமையல்காரர். கூட இருந்தவர்கள் 'கரண்டி' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். பசி என்று யார் வாயைத் திறந்தாலும் அவருக்குக் கை நிற்காது. மிஞ்சியதையெல்லாம் கடலில் கொட்டுவார். படகின் பின்னால் கடற்காகங்கள் இரைந்துகொண்டு வரும். "என் சமையலைக் குறை சொல்லாத ஜென்மங்க இதுங்க மட்டும்தான்" என்று பெருமைப்படுவார். அதுகளுக்கு ருசியாவது மண்ணாவது, கிடைத்ததை விழுங்கும்.

முட்டி தேய்ந்து அவர் கரையேறிய பிறகு, மனைவிக்கு ஒரு வேலை வந்தது. பாதி ஆயுளை மீன் வெட்டும் கொட்டகையின் ஈரத்தில் கழித்து, விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போனவள். அவளைப் பறவைத் துறைக்காரர்கள் முகத்துவாரத்து மணல்திட்டுக்குக் காவலாகப் போட்டார்கள். அங்கே ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆலா, புறாவைவிடச் சின்னது. வெள்ளை உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி. நாயும் மனிதரும், குஞ்சுகளை விழுங்கும் கடற்காகமும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் நல்லபடியாகப் பறந்துவிட்டால் அடுத்த பருவமும் வேலை உங்களுக்கே என்று அதிகாரி சொல்லியிருந்தார். அந்த நாட்களில் அவள் முகத்தில் வந்த களையைக் கல்யாணத்தன்றுகூட அவர் பார்த்ததில்லை.

மாலையில் வந்து கதை கதையாகச் சொல்வாள். "முட்டை போடறதுக்கு முன்னாடி ஆண் ஆலா மீன் கொண்டாந்து பொண்டாட்டிக்கு ஊட்டுமாம்."

"நானும்தான் இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன்."

"படகுல இருந்தவங்களுக்கு" என்பாள் அவள், சிரிக்காமல்.

அந்த வருஷம் மீன் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தது. ஆலாக்கள் போனால் போனதுதான். வரும்போதும் அலகில் குறுக்காகக் கவ்விய ஒற்றை மீன்தான். அத்தனை குஞ்சுகளின் கூச்சலில் தன் பிள்ளையின் குரலைப் பிரித்தெடுத்து, அதன் வாயில் மட்டும் வைத்துவிட்டு மறுபடி பறக்கும்.

அந்த நேரம் பார்த்து அவள் தங்கைக்கு ஆபரேஷன். ஒரு நாள் மட்டும் தனக்குப் பதிலாக உட்காரும்படி கணவரிடம் கேட்டாள். "கடற்காகம் வந்தா தகரத்தைத் தட்டுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா இருப்பது அந்த மனிதருக்கு வருமா?

வெயில் ஏற ஏற குஞ்சுகள் கத்தின. கரண்டிக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த தோணிக்காரனைக் கூப்பிட்டு ஒரு வாளிப் பொடிமீன் வாங்கினார். பொடிப்பொடியாக நறுக்கி, குஞ்சுகள் கிடந்த மணற்குழி ஒவ்வொன்றுக்கும் போய் இறைத்தார். ஒரு குஞ்சும் தொடவில்லை. அவை தாய் தகப்பன் அலகில் இருந்துதான் வாங்கும். தரையில் கிடப்பது சாப்பாடு என்றே அவற்றுக்குத் தெரியாது. இவரோ, 'புது ஆளைப் பார்த்துக் கூச்சப்படுதுங்க' என்று இன்னும் நாலு கை இறைத்துவிட்டு, இருட்டுவதற்குள் மனநிறைவோடு வீடு திரும்பினார்.

அட, பாவி மனுஷா! பாத்திரம் அறிந்து பிச்சை போடு என்று சும்மாவா சொன்னார்கள்? வாழ்நாளெல்லாம் கடற்காகங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிந்தவர். சிந்திய மீன் அவற்றை எங்கிருந்தெல்லாம் அழைத்து வரும் என்று அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே போனார்கள். திட்டு முழுக்கக் கடற்காகங்கள் வயிறு புடைக்க உலாத்திக்கொண்டிருந்தன. மீன் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. குஞ்சுகளும் இல்லை. மேலே ஆலாக்கள் கிறீச்சிட்டுச் சுற்றின. ஒன்று மட்டும் அலகில் மீனோடு இறங்கி, வெறுங்குழியருகே நின்றது. நாலடி நடந்து போய்ப் பார்த்தது. திரும்பி வந்து மறுபடி நின்றது. மீனை அது விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

அவள் மணலில் ஒட்டியிருந்த செதில்களைக் கையில் எடுத்தாள்.

"என்ன போட்டீங்க?"

"பசியில கத்துச்சுங்க. மனசு கேக்கல."

"அதுங்க அம்மாவக் கூப்பிட்டுச்சுங்க. உங்களை இல்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மதியம் அதிகாரி வந்தார். திட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நேத்து காவலுக்கு யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் அவள். "கண்ணசந்துட்டேன்."

கரண்டி பக்கத்திலேயே நின்றிருந்தார். 'நான்தான் ஐயா' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கீழே கிடந்த தகரத்தை எடுத்து மணலைத் துடைத்தார். காவலை இன்னொருவரிடம் விட்டுப் போனாள் என்று தெரிந்தால் அவளுக்கு இன்னும் கேடு என்று உள்ளுக்குள் ஒரு நியாயம் பேசினார். அது நொண்டிச் சாக்கு. அவமானத்துக்குப் பயந்தார், அவ்வளவுதான்.

அடுத்த பருவம் ஆலாக்கள் அந்தத் திட்டில் இறங்கவே இல்லை. அவளையும் யாரும் கூப்பிடவில்லை. கொட்டகைக்கே திரும்பிப் போனாள். விரல் இடுக்கில் பழைய புண்கள் மறுபடி வந்தன. அவர் தினமும் மருந்து தடவிவிட்டார். அவளும் கையை நீட்டினாள். அந்த நாளைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதைத் தாங்க முடியாமல் ஒரு நாள், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பறவைத் துறை அலுவலகத்துக்குப் போனார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் நல்ல மனிதர். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். கரண்டி வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒப்பித்தார். "அன்னைக்கு மீன் போட்டது நான்தான் ஐயா. என் சம்சாரம் இல்ல."

அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சங்கடத்தோடு, "எந்தத் திட்டு, பெரியவரே?" என்றார்.