கைப்பிடியில் சுற்றியிருந்த துணி

படகுத்துறையில் எல்லோரும் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் சலித்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார் என்பதால் வந்த பெயர். ஐஸ் வாங்கினால் கட்டியைத் தூக்கிப் பார்த்து, "நேத்து இதைவிட கனமா இருந்துச்சே" என்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், இது எதற்கு என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் விழுங்குவார். ஒத்துப்போய்விட்டால், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று அன்று முழுக்க யோசிப்பார். அப்பேர்ப்பட்டவர் படகுக்குப் பழைய இன்ஜின் தேடக் கிளம்பினால் சும்மா இருக்குமா? துறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

தேடாமல் இருக்கவும் வழியில்லை. அவருடையது சின்னப் படகு. அதில் போவது அவரும் மனைவியும் மட்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் பின்னால் உட்கார்ந்து இன்ஜினைப் பிடிப்பார், அவள் முன்னால் நின்று வலை இறக்குவாள். மூன்று வாரத்துக்கு முன்னால், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ஸ்டார்ட் கயிற்றை இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் பிசகிப் போனது. பிறகு மனைவி இழுத்தாள். பலகையில் காலை முட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம், கயிறு பாதிகூட வரவில்லை. சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு படகுக்காரர் பார்த்து, கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்.

கரையில் மெக்கானிக் வந்து ஒரே இழுப்பில் அதைக் கிளப்பினார். கால் மணி நேரம் ஓடிவிட்டு அது ஒரேயடியாகப் படுத்தது. இன்ஜின் போனதைக்கூட மனைவி பொறுத்துக்கொண்டாள், அந்தக் கால் மணி நேரத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தன் கைக்குக் கொஞ்சம் பலம் இருந்திருந்தால் அன்று பாதி தூரமாவது வந்திருப்போமே என்று குமுறினாள்.

"என் கையால கிளம்புற இன்ஜினா பாருங்க. இல்லேன்னா இனிமே படகுல கால் வைக்க மாட்டேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அவள் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. வேறு ஆள் வைத்துக்கொள்ள அந்தச் சின்னப் படகுக்குக் கட்டுப்படியாகாது. அப்படியே ஆகும் என்றாலும், இவர் எந்த ஆளை நம்பி ஏற்றுவார்? ஆனால் மனிதர் அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'கடலை விட்டுடணும்னு முடிவு பண்ணிட்டா, அதுக்கு இது ஒரு சாக்கு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் கூடவே வந்தவளையும் சல்லடையில் போட்டுவிட்டார்.

முதலில் பழைய இன்ஜின் வியாபாரியின் கொட்டகைக்குப் போனார். புது மாப்பிள்ளை மாதிரி ஒரு இன்ஜின் நின்றது. வியாபாரி வாய் திறக்கும் முன்னே இவர் மேல்மூடிக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"காலையிலேயே ஓட்டி சூடு பண்ணி வச்சிருக்கீங்க."

"சும்மா, சரியா இருக்கான்னு பாத்தேன் அண்ணே."

"ஆறின இன்ஜின் கிளம்பாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. திருகாணி மேலேயெல்லாம் பெயின்ட் அடிச்சிருக்கீங்க. கழட்டிப் பாக்கக்கூடாதுன்னா?"

வியாபாரி அதற்குப் பிறகு அண்ணே என்று கூப்பிடவில்லை.

அடுத்தது வலைக்காரர் வீடு. முன்பு கடலுக்குப் போனவர், இப்போது வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் மரச்சட்டத்தில் இன்ஜின் மாட்டியிருந்தது, பக்கத்திலேயே ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர். சல்லடை தொட்டுப் பார்த்தார். இன்ஜின் சில்லென்று இருந்தது. பெயின்ட் உரிந்து அடியில் உலோகம் தெரிந்தது, யாரும் எதையும் மறைக்கவில்லை. கீழே பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சொட்டவிட்டுப் பார்த்தார். உப்புத்தண்ணீர் புகுந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். இது தேன் நிறத்தில் வந்தது. வலைக்காரர் சொன்ன விலையும் நியாயத்துக்குக் கீழே.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கையைக் குலுக்கியிருப்பார்கள். இவருக்கு மூக்கு வியர்த்தது.

பிசகாத இடது கையால் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். வழவழவென்று வந்தது, இரண்டாவது இழுப்பில் இன்ஜின் கிளம்பியது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கத் துளை வழியாக நேராகப் பீய்ச்சியது. ஆனால் அவர் முகம் மலரவில்லை. கயிறு இழுக்க எவ்வளவு கடினமோ இன்ஜின் அவ்வளவு கெட்டி என்பது அவர் கணக்கு. இவ்வளவு லேசாக வந்தால் உள்ளே தேய்ந்து ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

"எதுக்கு விக்கிறீங்க?"

"தேவைப்படலை."

"நல்லா ஓடுற இன்ஜின் எப்படி தேவைப்படாம போகும்?"

வலைக்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த கண்ணியைத் தைக்கத் தொடங்கினார். சரி, இங்கே ஏதோ இருக்கிறது என்று சல்லடைக்கு உறுதியாகிவிட்டது.

இரண்டாம் நாள் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனார். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அளவுக் கருவியைப் பொருத்தி, என்னவோ சரிசெய்துவிட்டு, கயிற்றை நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

"உள்ளே ஒரு தேய்மானமும் இல்லை. இந்த மாதிரி இன்ஜின்ல இழுக்கிறப்ப மட்டும் கொஞ்சம் காத்தை வெளிய விடுற ஏற்பாடு இருக்கு. அதான் லேசா வருது."

"உனக்கு இவர் எத்தனை வருஷப் பழக்கம்?" என்று சல்லடை காதோடு கேட்டார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஸ்டார்ட் கயிற்றின் கைப்பிடியில் பூப்போட்ட துணியைக் கிழித்து நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் சின்ன முடிச்சாகப் போட்டிருந்தது. கைப்பிடிக்கு எதற்குத் துணி? விரிசலை மறைக்கத்தான் இருக்கும். ஒரு வார்த்தை கேட்காமல் கத்தி முனையால் முடிச்சை அறுத்துத் துணியை உருவினார். கைப்பிடி முழுசாக இருந்தது. விரிசலும் இல்லை, ஒட்டும் இல்லை. கையில் துணி இருந்ததால், எண்ணெய் அளக்கும் கம்பியை அதிலேயே துடைத்தார். இரும்புத் தூள் மினுக்குகிறதா என்று வீட்டு வெளிச்சத்தில் பார்க்கலாம் என மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது வலைக்காரர் கை வேலையை நிறுத்தியிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா, முகத்தைப் பாக்க மாட்டேங்கிறார்" என்றார் சல்லடை, வெளியே வந்ததும். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துத் துணியைப் பார்த்தார். ஒரு தூள் இல்லை.

மூன்றாம் நாள் மனைவி தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழி நெடுக இவர், விலை ஏன் குறைவு, ஆள் ஏன் பேசமாட்டேன் என்கிறார், திருட்டு இன்ஜினாக இருக்குமோ என்று அடுக்கிக்கொண்டே வந்தார். அவள் நடையை எட்டிப் போட்டாள். பின்கட்டுக்குள் நுழைந்ததும் நேராக இன்ஜினிடம் போனாள்.

"இழுத்துப் பாக்கலாமா அண்ணே?"

"இழும்மா."

அவள் உள்ளங்கையில் உரிந்த தோல் இன்னும் சரியாக ஆறவில்லை. வெற்றுக் கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பற்றிக்கொண்டது. அவள் கயிற்றை விடாமல் அப்படியே நின்றாள். மூன்று வாரமாக முகத்தில் இருந்த இறுக்கம் போய், சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அதைப் பார்த்ததும் சல்லடைக்குச் சுருக்கென்றது. இவள் கடலை விட வழி தேடவே இல்லை. மனதில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அவள் எரிச்சலெடுத்த கையை ஊதிக்கொண்டாள்.

"அவளும் இப்படித்தான், பல்லைக் கடிச்சுக்குவா" என்றார் வலைக்காரர்.

"யாரு அண்ணே?"

"வீட்டுக்காரி. நாங்க ரெண்டு பேர்தான் படகுல போவோம். அவ கைக்கு லேசா வரணும்னுதான் இதைத் தேடி வாங்கினேன். கை எரியுதுன்னு துணி கூட சுத்தி வச்சிருந்தா." அவர் பார்வை கைப்பிடிக்குப் போய், சட்டென்று திரும்பியது. "போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு. தனியா போக மனசு வரலை. அவ்வளவுதான்."

சல்லடைக்குச் சட்டைப் பை கனத்தது. வாழ்நாளில் ஆயிரம் பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், ஒரு தடவைகூட இப்படி வெட்கப்பட்டதில்லை. துணியை வெளியே எடுத்தார். பூக்களின் மேல் கறுப்பாக எண்ணெய் பரவியிருந்தது.

"நான்தான் அறுத்தேன். கேட்டிருக்கணும். இதுல போய் எண்ணெயைத் துடைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க அண்ணே."

வலைக்காரர் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"எண்ணெய்தானே. அவ கையிலயும் இதுதான் எப்பவும் இருக்கும்."

வைத்துக்கொள்வார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் இன்ஜின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கைப்பிடியில் துணியைத் திரும்பவும் நெருக்கமாகச் சுற்றினார். அறுந்த நுனியை வலை நூலால் கட்டி, இழுத்துப் பார்த்தார். பிறகு மூன்று நாளில் முதல் தடவையாக அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"படகுல இன்ஜினை யாரு பிடிப்பா?"

"இவதான்" என்றார் சல்லடை. "நான் முன்னால நின்னு வலை இறக்குவேன்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அவளிடம் இன்ஜினைக் கொடுத்ததில்லை. மனைவி அவரைத் திரும்பி, மேலும் கீழுமாக, நல்ல சந்தேகத்தோடு பார்த்தாள்.