மூக்கர் வீட்டுப் பூண்டு சிக்கன்

என் அக்காவின் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பால் பண்ணையில் சூப்பர்வைசர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். பெயரைக் கேட்டுவிட்டு நீளமான மூக்கை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சப்பை மூக்கு. எனக்கு அவர் மாமா. கேலி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு, அதை நான் வீணாக்கியதும் இல்லை.

பண்ணை வாசலில் லாரி வந்து நின்றதும் பால் கேன்களை மேடையில் இறக்குவார்கள். மாமா ஒவ்வொரு மூடியாகத் திறப்பார். கேனின் வாயில் முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுப்பார். "உள்ளே" என்றால் பால் பெரிய தொட்டிக்குப் போகும், "ஓரம்" என்றால் திரும்பிப் போகும். பண்ணையின் பரிசோதனைக்கூடத்திலும் சோதனை உண்டு. ஆனால் அது முடிவதற்குள் எல்லார் பாலும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஒரு கேன் கெட்டிருந்தால் தொட்டி முழுக்கப் பாழ். அதனால் அவர் மூக்குதான் முதல் வாசல். பால் புளித்திருக்கிறதா, மாட்டுக்கு மருந்து போட்டிருக்கிறார்களா, கேனைக் கழுவிய சோப்பு சரியாகப் போகவில்லையா, எல்லாவற்றையும் அந்த ஒரு மூச்சிலேயே சொல்லிவிடுவார்.

வேலையை வேலை செய்யும் இடத்திலேயே விட்டுவிட்டு வரும் ஆளும் இல்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், "அத்தை, இது ஏற்கெனவே பொரிச்ச எண்ணெய்தானே?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அம்மா அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை.

அக்கா வீட்டில் இதுவே ஒரு வழக்கமாகிப்போனது. பால், இறைச்சி, நேற்றைய குழம்பு, துவைத்துக் காயாத துண்டு, எதுவானாலும் முதலில் மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டப்படும். அவர் தலையாட்டினால் சரி. வேறு யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு கடிகாரம் சரியாக ஓடினால் மற்றவர்கள் கையில் எதற்குக் கடிகாரம்?

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு மட்டும் மாமாவின் பொறுப்பு. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமையல். பூண்டும் க்ரீமும் சீஸும் போட்ட சிக்கன். பண்ணையில் விற்கிற சீஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த குறிப்பைப் பார்த்துத் தொடங்கியவர், வருஷக்கணக்கில் செய்து செய்து அதை முழுக்கத் தன்னுடையதாக்கிக்கொண்டார். நானும் ஞாயிறு தவறாமல், கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி, அந்த நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பேன்.

எலும்போடு கூடிய தொடைக்கறிதான் வாங்குவார். துணியால் ஈரம் ஒற்றி, உப்பும் மிளகுத்தூளும் தடவி, அகலமான வாணலியில் தோல் பக்கத்தைக் கீழே வைத்துப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடுவார். அதே வாணலியில் வெண்ணெய். அதில் நசுக்கிய பூண்டு. அதற்கப்புறம்தான் வேடிக்கை. பூண்டைப் போட்டுவிட்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி மேஜையில் உட்கார்ந்து சீஸ் துருவுவார். திரும்பியே பார்க்க மாட்டார். என்னோடு வம்பு பேசிக்கொண்டிருப்பார். பச்சை வாசனை போய்ப் பூண்டு இனிக்க ஆரம்பிக்கிற நொடியில் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் வாணலியை இறக்குவார். ஒருநாளும் முந்தியதில்லை, பிந்தியதில்லை. பிறகு கொஞ்சம் கோழி வேகவைத்த தண்ணீர், க்ரீம், மறுபடி கறி. சீஸை மட்டும் அடுப்பை அணைத்த பிறகுதான் போடுவார். கொதிக்கிறபோது போட்டால் நூல் நூலாகப் பிரிந்துவிடுமாம். ரொட்டியைப் பிய்த்து அந்தக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டால், மாமியாரோடு சண்டை போட்ட மருமகனைக்கூட மன்னித்துவிடலாம். அம்மாவும் அப்படித்தான் மன்னித்தாள்.

போன மழைக்காலத்தில் மாமாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், வேலைக்குப் போனார். அதன் பிறகு இரண்டு ஞாயிறு சமையல் இல்லை. உடம்பு அசதி என்றார். மூன்றாவது ஞாயிறு நானே கறியை வாங்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன்.

"இதுக்கு மேலயும் அசதின்னா நான் வேற மாமா பாத்துக்குவேன்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் உற்சாகமாக எழவில்லை. கறியை வறுத்தார். வெண்ணெயில் பூண்டைப் போட்டார். போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். குனிந்து வாணலிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன மாமா, பூண்டு ஓடிப்போயிடுமா?"

அப்போது அவர் கைபேசி அடித்தது. எடுத்து யாரோ தவறான எண் என்று வைத்தார். அதற்குள் எனக்குப் பூண்டு தீய்கிற வாடை வந்துவிட்டது. கசப்பான வாடை. நான் வாயைத் திறக்கவில்லை. வாசனை விஷயத்தில் மூக்கருக்கு நான் எச்சரிக்கை சொல்வதா? ஏதோ புது பக்குவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர வேறு எவனும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க மாட்டான்.

பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தாள். அடுப்பை அணைத்தாள். வாணலியில் பூண்டு கரியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றபடி மாமா அவள் ஏன் ஓடி வந்தாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவதற்கு வாய்ப்புக் கிடைத்தும் விட்டுவிடுகிற பெண் அல்ல அவள். வாணலியைக் கழுவித் துடைத்து வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கிண்ணம் க்ரீமை எடுத்து வந்து, எப்போதும் போல அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நல்லா இருக்குதாங்க?"

மாமா ஒரு மூச்சு இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஊத்திடலாம்."

அக்கா கிண்ணத்தை என் பக்கம் திருப்பினாள். குப்பென்று அடித்த புளித்த வாடையில் எனக்குத் தலை தானாகப் பின்னால் போயிற்று.

"நேத்துல இருந்து வெளியில வச்சிருந்த க்ரீம். வேணும்னுதான் வச்சேன்" என்றாள் அக்கா. "காய்ச்சல்ல இருந்து எழுந்ததுல இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். சோத்துக்கு மேல ஊறுகாயா அள்ளிப் போட்டுக்கறீங்க. நான் சோப்பை மாத்தினேன், ஒரு வார்த்தை கேக்கல. எப்பங்க போச்சு?"

மாமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தவரின் முகம் அது.

"காய்ச்சலோடயே போயிடுச்சு" என்றார். "எதுவும் தெரியல. ஒண்ணுமே இல்ல."

"அப்ப தினமும் மேடையில என்ன பண்றீங்க?"

"யாரும் பாக்காதப்ப விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாப்பேன். புளிச்சிருந்தா அதுல தெரிஞ்சிடும்."

"மருந்து? சோப்பு?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"சின்னக் குழந்தைங்க குடிக்கிற பால்ங்க அது!" அக்காவின் குரல் உடைந்தது. "நாளைக்குக் காலையில மறுபடியும் போய் அங்க நிக்கப் போறீங்களா?"

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? மூக்கு போன மூக்கரை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க? எனக்கு வேற என்ன தெரியும்?"

நான் ஏதோ சொல்லிச் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தேன். "விடுங்க மாமா, இனிமே என் சாக்ஸைப் பத்திப் புகார் வராது" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மாமாவே தொடர்ந்தார். அக்காவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாக் கேனையும் உள்ளே உள்ளேன்னு அனுப்பிக்கிட்டிருந்தேன். சூப்பர்வைசர் சிரிச்சுக்கிட்டே கேட்டார், என்ன மூக்கரே, மாடெல்லாம் திருந்திடுச்சா, ஒரு கேன்கூடத் திரும்பலையேன்னு. கண்டுபிடிச்சிட்டாரோன்னு ஆயிடுச்சு எனக்கு. மறுநாள் ஒரு கேனை ஓரம்னு சொல்லிட்டேன்."

"கெட்ட பாலா?"

"தெரியல. இருந்ததுலயே சின்னக் கேன். ரெண்டு மாடு வச்சிருக்கிற ஒரு அம்மாவோடது."

எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. எத்தனை வருஷப் பழக்கமோ, அவர் மேல் எனக்கு வந்த முதல் நிஜமான கோபம் அதுதான். கோபத்துக்குப் பின்னாலேயே, அவர் தோள் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் துக்கமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பூண்டு உரிக்க ஆரம்பித்தேன்.

உரித்து முடித்ததும் மாமா எழுந்தார். பூண்டை வாங்கி நசுக்கினார். வாணலியில் வெண்ணெய் போட்டார். அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"இப்ப?" என்றார்.

"இல்ல. பச்சை வாசனை அப்படியே இருக்கு."

"இப்ப?"

"இருங்க, இருங்க. அவசரப்படாதீங்க... ம், இப்ப இறக்குங்க."

குளிர்பெட்டியிலிருந்து புது க்ரீமை எடுத்து முதலில் அக்கா முகர்ந்தாள், பிறகு என்னிடம் கொடுத்து முகரச் சொன்னாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். குழம்பு கெட்டியாகிக் கறி வெந்ததும் அடுப்பை அணைத்துச் சீஸைத் தூவிக் கிளறினார். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. சீஸ் பிரியாமல் பட்டுப்போல உருகியது.

தட்டுகள் வைத்தாயிற்று. மாமா உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், நாளைக்கு மேடைக்கு வேற ஆளைப் போடுங்க. எனக்கு மூக்கு வேலை செய்யல."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "மூக்கரே, ஞாயித்துக்கிழமையுமா விளையாட்டு?"

"இல்ல சார். வாசனையே தெரியல."

"சளியா இருக்கும்யா. ஆவி பிடிச்சுட்டு வாங்க. நீங்க இல்லாம எவனை நம்பி நான் தொட்டியைத் திறக்கறது?"

"சார், காய்ச்சல்ல இருந்தே தெரியல. இத்தனை நாளா சும்மாதான் குனிஞ்சு நின்னேன். ஒரு நல்ல பாலைத் திருப்பிக்கூட அனுப்பிட்டேன்."

சிரிப்பு நின்றது. பிறகு சூப்பர்வைசர் "காலையில வந்து என்னைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். ‘மூக்கரே’ என்று சொல்லவில்லை.

சாப்பிட்டோம். சிக்கன் என்றைக்கும் போல நன்றாகவே இருந்தது, அப்படிச் சொல்லவும் செய்தேன். மாமா ரொட்டியைக் குழம்பில் தொட்டு மென்றார். "உப்பு தெரியுது" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் மதியம் நான் வேலை செய்கிற டயர் கடைக்கு வந்தார். இந்த நேரத்தில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. அடுக்கி வைத்திருந்த டயர்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். வேலையை விட்டு எடுக்கவில்லையாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை லீவு, அப்புறம் வேறு எதிலாவது போடுவதாகச் சொன்னாராம் சூப்பர்வைசர். திட்டினாராம், அது நியாயம்தான் என்றார்.

"அந்த அம்மாவைப் பாத்தேன், மாப்ள" என்றார். "லாரியோட வந்திருந்தாங்க. போய்ச் சொல்லிட்டேன். அன்னிக்குத் திருப்பினது நல்ல பாலாத்தான் இருந்திருக்கும்மா, கெட்டுப்போனது என் மூக்குதான்னு."

"என்ன சொன்னாங்க? திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா பரவாயில்ல." டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நீங்களே சொல்லிட்டீங்களேன்னு நான் மோந்துகூடப் பாக்கல, அப்படியே சாக்கடையில ஊத்திட்டேன்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போய் மாட்டைத்தான் திட்டினாங்களாம்."