அடுப்பு மூட்டாத ராச்சாப்பாடு

அமெரிக்காவில், பேர்லேண்ட் ஊரில் இரண்டு மளிகைக் கடை, ஒரு கேட்டரிங் கிச்சன், சொந்த வீடு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒற்றை ஆளாகக் கட்டியவை. ஆனால் என் முதல் சாதனை நெய்வேலியில், ஒன்பது வயதில் நடந்தது.

நேற்று பேத்தி தன் பள்ளி ஜெர்மன் வகுப்புக்காக வீட்டு மேஜையில் கறுப்பு ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய் அடுக்கினாள். "தாத்தா, திஸ் இஸ் ஜெர்மன் டின்னர்!"

அந்த ரொட்டியின் புளித்த வாசனை என்னை, நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலையாக வந்திருந்த ஜெர்மன் இன்ஜினியர் வீட்டுக்கு இழுத்துப்போனது. அப்பா அங்கே புதிதாகச் சேர்ந்த சமையல்காரர். மதியம் லேசாக ஏதோ கொடுத்துவிட்டு, ராத்திரிக்குக் கோழிக் குழம்பு கொதிக்கக் கொதிக்க வைப்பார். அவர்கள் அதைத் தொடாமல் ஆறிப்போன ரொட்டியைத் தின்றார்கள்.

"என் கைப்பக்குவம் பிடிக்கல போலடா. நாளைக்கு வேலைய விட்டு நின்னுடுறேன்," என்றார் அப்பா, கண் கலங்கி.

காலனியில் ஜெர்மன் பிள்ளைகளோடு பந்து விளையாடி எனக்கு அந்த பாஷை கொஞ்சம் வரும். நேரே போய் அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் சூடான சாப்பாடு மதியம்தானாம். ராத்திரிக்கு அடுப்பே மூட்ட மாட்டார்களாம்.

மறுநாள் குழம்பு மதியத்துக்கு மாறியது. சட்டியை வழித்துவிட்டார்கள். அப்பா வேலையில் நிலைத்தார்.

பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "கண்ணு, கிளாஸ்ல இதப் பத்திப் பேசுறப்ப, உங்க டீச்சருக்கு முன்னாடியே எங்க தாத்தா நெய்வேலியில கண்டுபிடிச்சாருன்னு சொல்லணும். பேரோட சொல்லணும்."