சரளைச் சடக்கில் கண்ணாடி வளையல்

சைக்கிள் கைப்பிடியில் கண்ணாடி வளையல் மோதினால் ஒரு சத்தம் வரும். டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி, சின்னதாய், 'கிணிங்' என்று. அந்தச் சத்தத்தை இந்த வயதிலும் என்னால் காதுக்குள் வரவழைக்க முடியும். என் மகன் ஐம்பதைத் தாண்டியவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தலைக்கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துச் சரளைச் சடக்குகளில் சைக்கிள் மிதிக்கக் கிளம்பிவிடுகிறான். நல்ல தார் ரோடு வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அதை விட்டுவிட்டுக் கல்லும் குழியுமான மேட்டுப் பாதையைத் தேடிப் போக ஒரு கூட்டம், அதற்கென்று தனிச் சைக்கிள், தனி டயர். திரும்பி வந்து, "ரூட் பவர் லா ம்மா" என்கிறான், பிரமாதமாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அடேய், அந்த ரூட்டை வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்திலேயே என் அத்தை ஓட்டியாகிவிட்டது, அதுவும் புடவையில்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மலாக்காவில் செங் என்கிற ஊர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் கித்தா மரம், அதான் ரப்பர் மரம், சீவுகிறவள். மாமா காய்ச்சலில் போன பிறகு அவருடைய கறுப்புச் சைக்கிளை விற்றுவிடச் சொல்லி எல்லாரும் புத்தி சொன்னார்கள். அவள் விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டாள். நடுவில் பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டி, மரம் சீவப் போகும்போது போடுகிற மாமாவின் முழுக்கைச் சட்டையை மேலே மாட்டி, தலையில் துண்டு கட்டி அவள் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது லயத்து வீடுகளில் பாதிப் பேர் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள், மீதிப் பேருக்குப் பொத்தவும் தோன்றாது. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் லா. அவங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்பாள்.

அவளுக்கு ஒரே மகள். நான் அக்கா என்று கூப்பிட்ட அவள் அலோர் காஜா பக்கம் மலைத்தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்புக்கு நாள் குறித்துச் சொல்லியனுப்பினார்கள். வளையல் தாய்வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் தாலியிழந்த தாய் அதைத் தன் கையால் பெண்ணுக்குப் போடக்கூடாது, வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படி ஏறவும் கூடாது. தட்டைத் தூக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்றுதான் என்னைக் கூட்டிப் போனாள். என் அம்மா தம்பியைப் பெற்றுப் பச்சை உடம்புக்காரியாகப் படுத்திருந்தாள். அத்தை இதற்கெல்லாம் ஒப்பாரி வைக்கிற ஆள் இல்லை. "நான் அடுப்படிப் பக்கமா நின்னு எட்டிப் பாத்துக்கிறேன். எம் புள்ள கை நெறைய வளையலப் பாத்துட்டா எனக்குப் போதும்" என்றாள். 'கை நெறைய' என்றபோது தன் வெறுங்கையைத் தடவிக்கொண்டாள்.

மலாக்கா டவுனிலிருந்து வாங்கிவந்த சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்கள். மலைத்தோட்டம் வரை முழுக்கச் சரளைச் சடக்கு. குலுங்கினால் ஒன்றுகூடத் தப்பாது. அத்தை மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். பிஸ்கெட் டின்னில் வளையல்களை அடுக்கி, இண்டு இடுக்கெல்லாம் அரிசியைக் கொட்டி நிரப்பினாள். டின்னை ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே எடுத்துப் போக விடாத காலம் அது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் அன்றைக்கு அந்த அரிசி எங்கள் கண்ணுக்கு அரிசியாகவே தெரியவில்லை, வளையலுக்கு மெத்தையாகத்தான் தெரிந்தது.

எங்கள் தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு நின்றவர்கள் தெரிந்தவர்கள். வளைகாப்புக்கு என்றதும் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். அதன் பிறகு என்ன ஆனந்தம் என்கிறீர்கள். செம்மண்ணும் கல்லும் கலந்த சடக்கு கித்தாக் காட்டுக்குள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோம். இறக்கத்தில் அத்தை காலைப் பெடலிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் நீட்டிவிடுவாள். பின்கேரியரில் நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அத்தே மெதுவா, அத்தே மெதுவா" என்று கத்துவேன். மெதுவாகப் போய்விடுவாளோ என்றுதான் உள்ளுக்குள் பயம்.

பாதி வழி தாண்டி, தோட்டங்கள் சேரும் முச்சந்தியில் தடுப்பு போட்டிருந்தார்கள். மலாய்க்காரக் காவலர் ஒருவர் டின்னைத் திறந்தார். பார்த்ததும் அவர் முகம்தான் முதலில் வாடியது. "மாச்சே, பெராஸ் தா போலே" என்றார், அம்மா, அரிசிக்கு அனுமதி இல்லை என்று. அத்தை மன்றாடினாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் பின்னால் அதிகாரி நின்றார். அரிசி டின்னோடு அங்கேயே இருக்கட்டும், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, வளையல்களை மட்டும் துடைத்துத் துடைத்து அத்தையின் கையில் எடுத்துக் கொடுத்தார். திரும்பிப் போய் வேறு டின் எடுத்து வரலாமென்றால் நல்ல நேரமும் தப்பிவிடும், ஊரடங்குக்கு முன் வீடு வந்து சேரவும் முடியாது.

தலைத்துண்டில் மூட்டையாகக் கட்டி என் மடியில் வைத்தாள். அடுத்த இறக்கத்திலேயே 'நொறுக்' என்றது. பிரித்துப் பார்த்தால் இரண்டு வளையல் தூள். வளைகாப்பு வளையல் வழியிலேயே உடைந்தால் எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்கே தெரியும். அத்தை சடக்கோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் கையில் போட்டுப் பார்த்தாள். சின்னக் கை, குலுங்கினால் கழன்று விழுந்தது. அவளுக்கும் அவள் மகளுக்கும் ஒரே கையளவு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பக்கத்து ஓடைத் தண்ணீரில் கையை நனைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை ஏற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் துண்டைக் கிழித்துச் சுற்றி, சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். "நானா ஆசப்பட்டுப் போடல, கேட்டியா?" என்றாள் என்னிடம். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

அக்காள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியபோது, சுற்றிய துணி நெகிழ்ந்து சட்டைக்குள்ளிருந்து கலகலவென்று சத்தம். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை படி ஏறாமல் வெளியே நின்றபடி பொத்தானை அவிழ்த்தாள். "சம்பந்தி, சரளையில ஒடைஞ்சிரும்னுதான் போட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. கழட்டித் தந்துர்றேன்" என்றாள். கன்னத்தில் சந்தனத்தோடு மணையில் இருந்த அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நேரே வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். "தட்டுல வைக்காதம்மா. உன் கையிலருந்து கழட்டி என் கையில போடு."

எல்லாருடைய கண்ணும் சம்பந்தியம்மா மேல். அந்த அம்மாள் கறாரானவள் என்று கேள்வி. அவள் அத்தையின் கையைப் பார்த்தாள், செம்மண் படிந்த காலைப் பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே போனாள். போச்சு என்று நினைத்தேன். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். "எண்ண போட்டாத்தான் கழலும். உள்ள வந்து உக்காருங்க சம்பந்தி, வெயில்ல நின்னுக்கிட்டா இதெல்லாம் பண்ணுவாங்க?" அவ்வளவுதான். நான் தட்டைத் தூக்கவே இல்லை. தாயின் கையிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழன்று மகளின் கையில் ஏறியது. அம்மாவும் மகளும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இனிப்பைத் தின்றேன்.

ஒரே ஒரு பச்சை வளையல் மட்டும் கழலவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வந்ததில் அத்தையின் கை வீங்கியிருந்தது. உடைத்துவிடுகிறேன் என்றாள். "வளைகாப்பன்னிக்கு வளையல ஒடைக்கிற பொம்பள எங்க இருக்கா? கெடக்கட்டும் விடுங்க" என்று சம்பந்தியம்மா அதட்டினாள். திரும்பும்போது முச்சந்தியில் அந்தக் காவலர் டின்னை எடுத்துக் கொடுத்தார், அரிசி கிடைக்கவில்லை. வளையல் என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டார். அத்தை கையைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். "சந்தெக்" என்றார், அழகு என்று. அத்தை வெட்கப்பட்டதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். வீடு வரை ஒவ்வொரு குழிக்கும் 'கிணிங்', 'கிணிங்' என்று கேட்டுக்கொண்டே வந்தது. வீக்கம் மறுநாளே வடிந்துவிட்டது. வளையலை அவள் கடைசிவரை கழற்றவில்லை.

போன ஞாயிறு மகன் கிளம்பும்போது நில்லடா என்றேன். என் கையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றி அவன் கைப்பிடியில் மாட்டிவிட்டேன். "என்னம்மா இது, கல்லு சடக்குல ஒடைஞ்சிரும் லா" என்றான். உடையாமல் கொண்டுவா பார்க்கலாம் என்றேன். வெயில் ஏறும் நேரத்தில் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. கேட்டைத் திறக்கப் போவதற்கு முன்பே 'கிணிங்' என்றது.