சேசிஸுக்குள் மூடிய எண்

போன வாரம் கிள்ளானில் பெட்ரோல் போட நின்றபோது பக்கத்து பம்பில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. ஒரு காலத்தில் நான் ஓட்டியதும் இதே மாதிரி வண்டிதான். என்னுடையது வெயிலில் வெளிறி, என்ன நிறமென்றே சொல்ல முடியாமல் இருந்தது. இது மினுமினுவென்று புதுப்பெண் மாதிரி இருந்தது. ஓட்டி வந்த தம்பியிடம் விசாரித்தேன்.

“கிளாசிக் அங்கிள்! சேசிஸ் முழுக்க புதுசா பிளேட் வச்சு வெல்டிங் அடிச்சிருக்கு. இன்னும் முப்பது வருசம் தாங்கும் லா.”

நான் உடனே வலது முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தேன். ஏதோ கீழே விழுந்துவிட்டதாக்கும் என்று பாவம், அவரும் குனிந்தார். சேசிஸ் எண் தெரிந்தது. அது பதிந்த இடத்தை மட்டும் விட்டு, தகட்டை ஜன்னல் மாதிரி வெட்டியிருந்தார்கள். இவ்வளவு சின்ன வேலை. “முருகா” என்றேன். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நிமிர அவர்தான் கைகொடுத்தார்.

என் பிக்கப் ஓடிய காலத்தில் நான் வாழை இலை ஏற்றிக்கொண்டிருந்தேன். காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் கட்டு வாங்கி, ஈரச் சாக்கு போர்த்தி, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவேன். “இலை அண்ணே வந்துட்டாரு, இனிமே சோறு வெந்தா வேவுது, வேகாட்டி போவுது” என்பார் ஒரு சமையல்காரர். இலை வாசம் சட்டையில் ஏறினால் சோப்புக்கும் போகாது. “உங்க பக்கத்துல நின்னு சாமி கும்புட்டா எனக்குப் பசிக்குது” என்பாள் என் மனைவி.

அந்த ஈரம்தான் வண்டியைத் தின்றது. வண்டியின் அடியில் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் இருக்கும். எஞ்சின், ஆள், சரக்கு எல்லாம் அதன்மேல்தான். அதைத்தான் சேசிஸ் என்போம். சரக்கு ஏற்றினால் கதவு சாத்த மறுத்தபோதே சட்டம் வளைகிறதென்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கதவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆ சோங்கின் வெல்டிங் பட்டறை கிள்ளானிலேயே இருந்தது. எஸ்டேட்டில் வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். வருசா வருசம் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பார். வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னார்:

“அண்ணே, ரெண்டு பக்கமும் விரிசல் விட்டிருக்கு. வண்டி பெட்ரோல்ல ஓடல, உன் வேண்டுதல்ல ஓடுது.”

இரண்டு பக்கமும் கனமான தகடு வைத்து அடிப்பதென்று முடிவாயிற்று. இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்தில்தான் சேசிஸ் எண் இருந்தது. மனிதனுக்கு நெற்றி எப்படியோ வண்டிக்கு அந்த இடம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அங்கேதான் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பல வருசச் சந்தனம் கிரீஸோடு சேர்ந்து இறுகி, எண் இருப்பதே தெரியாமல் போயிருந்தது.

ஆ சோங் கிரைண்டரை எடுத்தார். “இத வழிச்சிட்டு நம்பர் தெரியுற மாதிரி பிளேட்ட வெட்டணும்.”

நான் குறுக்கே கையை வைத்தேன். “பொட்டு மேல கிரைண்டர் படக்கூடாது. அப்படியே மூடிரு. முருகன் உள்ள இருந்து தாங்கட்டும்.”

“செக் பண்றவன் நம்பர் கேப்பான்ணே.”

“வண்டி ரெஜிஸ்டர் பண்ண கிராண்ட்ல எழுதியிருக்கு. அதக் காட்டிக்கலாம்.”

“சாமி பேரச் சொல்லிட்ட. நான் என்ன பேசுறது?” என்று கிரைண்டரைக் கீழே வைத்தார்.

வேலை நன்றாகவே இருந்தது. முழுச் சரக்கு ஏற்றியும் கதவு டப்பென்று சாத்தியது. ஆனால் சரக்கு வண்டியென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அதில் தேறி வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அங்கே ஒரு மலாய் இளைஞர் டார்ச் அடித்துத் தேடினார்.

“பாக்சிக், நம்பர் சேசிஸ் மானா?” அங்கிள், சேசிஸ் எண் எங்கே என்கிறார்.

“டி டாலாம்” என்றேன். உள்ளே இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தகட்டை வெட்டித் திறந்து கொண்டுவரச் சொன்னார்.

ஆ சோங் வெட்டினார். சந்தனம் கரியாகியிருந்தது. வெல்டிங் உருகி உள்ளே ஒழுகி, கடைசி நான்கு இலக்கங்களின் மேல் உறைந்திருந்தது. தேய்த்தால் எண்ணைத் திருத்தியதாகிவிடும். விட்டால் படிக்க முடியாது. எத்தனையோ அலுவலகம் ஏறி இறங்கினேன். பிக்கப் திரும்ப ரோட்டுக்கு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வேறொருவர் இலை போட ஆரம்பித்தார். நல்ல மனுசன்தான், குறை சொல்வதற்கில்லை.

ஒரு நாள் ஆ சோங் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பொரிந்து தள்ளிவிட்டாள்.

“இத்தன வருசமா வெல்டிங் அடிக்கிறீங்க, நம்பர் மேல பிளேட் வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? எங்க பொழப்பே போச்சே!”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் தப்புதான் அண்ணி” என்றார்.

அதற்குப் பிறகு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, அப்படியே ஓய்வும் பெற்றேன். அவர் பட்டறை இருந்த தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய ஆள் வேறு என்பது தெரியாமல் இல்லை. முருகனிடம் கேட்பது சுலபம்; அவர் பதில் பேசுவதில்லை.

பெட்ரோல் போட்டுவிட்டு வந்த அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும். அவரு உங்களப் பார்த்தாரே, அதுலயே தெரிஞ்சிச்சு. ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் போனேன். பட்டறை வரிசையே இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி பதித்த அடுக்குமாடி நிற்கிறது. காவலுக்கு இருந்தவர் நேப்பாளத்திலிருந்து வந்து இரண்டு வருசம்தான் ஆகிறதாம். எதிரே காப்பிக் கடையிலும் புது ஆள். ஆ சோங்கைத் தெரிந்தவர் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் மிச்சமில்லை.

ஆ சோங்கின் வீடு எங்கே என்று நான் கேட்டதில்லை. போன் நம்பரும் வாங்கி வைத்ததில்லை. அப்போதெல்லாம் அது தேவைப்படவே இல்லை. எந்த நேரம் போனாலும் மனுசன் அங்கேதான் இருப்பார்.