பிலோமினா மிஸ் நீக்காத மூன்று பெயர்கள்

பிலோமினா மிஸ் போய்விட்டார். இன்று காலை, ஏற்காட்டில், அவர் வீட்டிலேயே...

சேலத்தில் நான் வேலை பார்க்கிற லேபில் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் டீச்சர் இல்லை. மலைமேல் சிஸ்டர்கள் நடத்துகிற எங்கள் ஸ்கூலில் ஆபீஸ் கிளார்க். போனஃபைட், டி.சி., ஹால் டிக்கெட்... எல்லாம் அவருடைய பச்சை ஜன்னல் வழியாகத்தான் வரும்.

குரூப்பில் கும்பிடு எமோஜியாகக் கொட்டுகிறது. கொட்டட்டும். ஆனால் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "தங்கமான மனுஷி. அந்த ஒரு வருஷம் மட்டும் லிஸ்ட்ல தப்பு பண்ணிட்டாங்க, ஸ்கூலோட சென்டம் ரிசல்ட் போச்சு."

தப்பா? யார் சொன்னது தப்பு என்று? இருங்கள், சொல்கிறேன்.

எங்கள் ஸ்கூலில் பத்தாவதில் எல்லோரும் பாஸ். வருஷா வருஷம் கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். எப்படி எல்லோரும் பாஸ்? தேறாது என்று தோன்றுகிற பிள்ளையின் அப்பாவை அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கோங்க, பிரைவேட்டா எழுதட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அந்த வருஷம் மூன்று பேர். மூன்று பேரும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். அதில் ஒருத்தி நான். கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

ஹெச்.எம். சிஸ்டர் உட்காரச் சொல்லியும் அப்பா உட்காரவில்லை. "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரமே நான் எங்கள் ஊர் தலைச்சோலையில் அம்மாவோடு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டேன்.

பப்ளிக் பரீட்சைக்கு அனுப்புகிற பட்டியலிலிருந்து எங்கள் மூன்று பெயரையும் எடுக்க வேண்டியது பிலோமினா மிஸ்ஸின் வேலை. டி.சி. எழுத வேண்டியதும் அவர்தான்.

இரண்டையும் அவர் செய்யவில்லை.

ஒரு மத்தியானம் காப்பிச் செடிகளுக்கு அடியில் உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிலோமினா மிஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க மேடேறி வந்து நின்றார்.

"ஏன் கண்ணு, பரீட்சைய வெச்சுக்கிட்டு இங்க என்ன பண்ற? ஹால் டிக்கெட் வந்திருக்குது, வா."

அம்மா பயந்துவிட்டார். "ஏனுங்க மிஸ்ஸு, சிஸ்டர் வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்களேங்க?"

"சிஸ்டர்தானுங்க சொன்னாங்க, கவர்மெண்ட் சொல்லலீங்களே. பட்டியல்ல பேரு இருக்குதுங்க. பேரு இருந்தா போய் உக்காரலாமுங்க."

எங்கள் ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு முன்னால் ஒரு பூசை வைப்பார்கள். எல்லா ஹால் டிக்கெட்டும் தட்டில் அடுக்கிப் பீடத்தில் இருக்கும். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், ஹெச்.எம். சிஸ்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

பூசை முடிகிறவரை நாங்கள் மூன்று பேரும் எங்கள் பெயர் வரும், வரும் என்று நின்றோம். வரவில்லை. எங்கள் ஹால் டிக்கெட்டைத் தட்டிலேயே வைக்க விடவில்லை ஹெச்.எம். சிஸ்டர்.

பிலோமினா மிஸ் எங்களைப் பச்சை ஜன்னலுக்குக் கூட்டிப் போனார். ஸ்டாம்ப் பேடில் கட்டை விரலை அழுத்தி, மூன்று ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்திலும் சின்னதாக ஒரு சிலுவை போட்டார்.

"தீர்த்தம் இல்லாட்டி என்ன, மை இருக்குதில்ல? போய் எழுதுங்க."

எழுதினோம். மற்ற இருவரும் பாஸ். நான் பெயில். கணக்கில்தான், வேறெதில்?

அந்த வருஷம் கேட்டில் ஃப்ளெக்ஸ் இல்லை.

'தவறுதலாக நடந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தால் போதும், விட்டுவிடுகிறோம் என்றார்களாம் மிஸ்ஸிடம். 'தவறு இல்லை, தெரிந்தேதான் அனுப்பினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னது இது. அத்தோடு ஆபீஸ் நாற்காலி போயிற்று. ரிட்டையர் ஆகிறவரை ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் அரிசி அளந்துகொண்டிருந்தார்.

அந்த ஸ்டோர் ரூம் வாசலில் போய் நின்று, "என்னாலதானுங்க மிஸ்..." என்று அழுதேன்.

அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பெயிலாகறதுக்கும் பரீட்ச எழுதியிருக்கோணும் கண்ணு. எழுதுன இல்ல? ஜூன்ல மறுக்கா எழுது. மூக்கத் தொடை மொதல்ல."

மறுபடி எழுதினேன். தட்டுத் தடுமாறிப் பாஸ்.

ஆகவே குரூப்பில் இருக்கிற பெரிய மனுஷங்களே... 'தப்பு' என்று போட்டதை அழியுங்கள். அஞ்சலி ஃப்ளெக்ஸில் 'நூறு சதவீதத் தேர்ச்சிக்கு உழைத்தவர்' என்று போடலாம் என்று இன்னொருவர் யோசனை வேறு சொல்கிறார். போட்டுத்தான் பாருங்களேன், நானே வந்து கிழிக்கிறேன்.

அழுகை வருகிறது. அதற்கு முன்னால் கோபம் வருகிறது. என்ன செய்ய...

நாளைக் காலை பூசை, பிறகு கல்லறைத் தோட்டம். குப்பனூர் வழியாக வருகிற முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்த ஹால் டிக்கெட்டையும் கொண்டு வருகிறேன். மை மங்கிவிட்டது, ஆனாலும் சிலுவை தெரிகிறது. மிஸ்ஸோடு சவப்பெட்டிக்குள் வைக்க மாட்டேன். அது எனக்கு வேண்டும்.

குரூப்பில் வேறு வேறு வருஷத்துக்காரர்கள் இருக்கிறீர்கள். அந்த வருஷம் பெயிலானது யார் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. நானும் இத்தனை நாள் வாயைத் திறந்ததில்லை.

நான்தான். தலைச்சோலை செல்வி. நாளைக்கு முதல் வரிசையில் நிற்பேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

போயிட்டு வாங்க மிஸ். நான் பரீட்ச எழுதிட்டேனுங்க.